ஹெக்டர் நாலில் இருந்த யானை

அக்கா வெளியே போய்வர அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "தம்பிக்குக் கண்ணு தெரியிற வரைக்கும் அவன்கூடப் போ பாப்பா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் வீட்டுலயே கெடங்க, நான் பாத்துக்கறேன்." ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்தோம்.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீடு இரண்டு அறை. அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறாள். அப்பா அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். பிள்ளைகளுக்குக் கண் இப்படி ஆனதற்கு அதுவும் காரணம் என்று டாக்டர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஒரு தாளில் வட்டம் போட்டு, அதன் ஓரத்தைப் பேனாவால் கறுப்பாக்கி, அந்தக் கறுப்பை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்து காட்டினார். நடுவில் ஒரு பொட்டளவு வெள்ளை மிஞ்சியபோது பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அக்காவுக்கு அந்தப் பொட்டும் போய்விட்டது. அது கண் நோய் என்றே வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. கரும்பலகையில் இருப்பதை எழுத மாட்டாள், பொழுது சாய்ந்தால் வாசற்படியில் தடுக்கி விழுவாள். படிப்பு ஏறவில்லை என்று ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அவளை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள். என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் பத்தாவது தாண்டினேன், கல்லூரியும் முடித்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதை அக்கா ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. "நீ படிச்சதுக்கு நாந்தான்டா பீஸ் கட்டுனேன்" என்று மட்டும் எப்போதாவது சொல்வாள்.

திருவானைக்காவலில் பார்வையற்ற பெண்களுக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. கம்ப்யூட்டர் படிக்கப் போன அக்கா அங்கே செஸ்ஸையும் பிடித்துக்கொண்டாள். அவளைக் கொண்டுவிட்டு, சாயந்திரம் வரை காத்திருந்து கூட்டிவரும் எனக்கும் அது தொற்றிக்கொண்டது. கண் தெரிந்தவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் எங்கள் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு பலகை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓட்டை உண்டு, காயின் அடியில் ஆணி உண்டு, குத்தி வைத்தால் கை பட்டாலும் சாயாது. கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும். கறுப்புக் காய்களின் தலையில் ஒரு முனை துருத்திக்கொண்டிருக்கும். நகர்த்துகிறவர் வாயால் சொல்ல வேண்டும். எதிராளி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் பலகையிலும் அந்தக் காயை நகர்த்திக்கொள்ள வேண்டும். ஏ, பி, சி, டி எல்லாம் காதில் ஒன்றுபோல விழும் என்பதால் நீளவரிசைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, பீலிக்ஸ், கஸ்டவ், ஹெக்டர். உலகம் முழுக்க இதே பெயர்கள்தானாம். குறுக்குவரிசைகளுக்கு வெள்ளைப் பக்கத்திலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்கள். வெள்ளைக் காய் ஆடுகிறவருக்கு அன்னா இடது ஓரம், ஹெக்டர் வலது ஓரம். ஹெக்டருக்கு அக்கா வைத்த பெயர் முட்டுச் சந்து.

இரண்டு பலகை என்பதால் எங்கள் ஆட்டத்தில் மட்டும் ஒரு விபத்து நடக்கும். சொன்னது ஒரு கட்டம், ஆணி குத்தியது பக்கத்துக் கட்டம் என்று ஆகிவிடும். அதன்பின் ஒருவர் ஒரு ஆட்டமும் மற்றவர் வேறொரு ஆட்டமும் ஆடிக்கொண்டிருப்பார்கள். எப்போதாவது முட்டிக்கொள்ளும்போதுதான் தெரியவரும். வீட்டில் ஆடும்போது இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பலகைகள் ஒத்துப்போகவில்லை என்றால் என் பலகைதான் சரி. எனக்குத்தான் கொஞ்சமாவது பார்வை இருக்கிறதே. நான் தடவிப் பார்ப்பதுகூட இல்லை. குனிந்து பார்த்தே ஆடுவேன்.

போன வருடம் பங்குனி வாக்கில் வீட்டில் பலகைகள் அடிக்கடி முரண்பட ஆரம்பித்தன. அக்காவுக்குக் கவனம் சிதறுகிறது என்று நினைத்தேன். அவள் முன்போல வாதாடவும் இல்லை. காய்களின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "சரி, உன் போர்டு பிரகாரமே வச்சுக்கலாம்" என்று தன் காயைப் பிடுங்கி மாற்றிக் குத்திவிடுவாள். இன்னொன்றும் செய்ய ஆரம்பித்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, வலப்பக்கம் ஆட்டோ ஏதாவது நிற்கிறதா, என்ன எழுதியிருக்கிறது என்று திடீரென்று கேட்பாள். நான் தலையைத் திருப்பிப் பார்த்துச் சொல்வேன். "திரும்பிப் பாத்துச் சொல்றியா?" என்பாள். பின்னே திரும்பாமல் எப்படிச் சொல்வது என்பேன்.

என் மனதில் சந்தேகமே இல்லை என்றால் அது பொய். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை எனக்கு முன்னால் யாரும் படிக்க முடியாது. ஆனால் காலடியில் படுத்திருந்த நாயை மிதித்தேன். நடைமேடைத் தூண் ஒன்று எங்கிருந்தோ வந்து தோளில் இடித்தது. அன்று அக்கா என் முழங்கைக்கு மேலே பிடித்திருந்தாள். இடித்த கணத்தில் அவள் விரல்கள் இறுகி, பிறகு வெகுநேரம் தளரவே இல்லை. அவளுக்கும் இடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். டாக்டரிடம் போக வேண்டும் என்று தோன்றும். போனால் மறுபடி வட்டம் போட்டுக் கறுப்பாக்குவார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடுவேன்.

ஆடியில் மண்டபங்கள் சும்மா கிடக்கும் என்பதால் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், சின்னக் கல்யாண மண்டபத்தில், பார்வை இல்லாதவர்களுக்கும் குறைந்தவர்களுக்குமான மாவட்ட செஸ் போட்டி வைத்தார்கள். முதல் இரண்டு இடத்துக்கு வருகிறவர்கள் கோயம்புத்தூரில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அக்கா அதுவரை ரயில் ஏறியதில்லை. கோயம்புத்தூர் என்று சொல்லும்போதே அவள் குரல் மாறும். அம்மாவிடம் அனுமதி வாங்கியாயிற்று. தம்பி கூட வருகிறான், தம்பிக்குக் கண் தெரிகிறது, அவ்வளவுதான்.

கடைசி நாள் அம்மாவும் கூட வந்தாள். முகூர்த்தம் இல்லாத மாதம், அவளுக்கு வேலை இல்லை. அந்த மண்டபத்தின் பின்கட்டில் அண்டா கழுவியிருக்கிறாளாம், முன்பக்கத்தை அன்றுதான் பார்க்கிறாள். சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே ஆடிக் காற்று பேய்த்தனமாக அடித்தது. மூட மூட ஜன்னல்கள் திறந்துகொண்டன. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, படித்துறைப் பக்கம் யாரையும் விடவில்லை என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கடைசிச் சுற்றில் எனக்கு எதிரே அக்கா. அதற்குள்ளேயே எங்கள் இருவருக்கும் புள்ளிகள் போதுமான அளவு சேர்ந்துவிட்டன. யார் தோற்றாலும் இரண்டு பேருமே கோயம்புத்தூர் போகிறோம். முதலிடம் யாருக்கு, இரண்டாமிடம் யாருக்கு என்பது மட்டும்தான் பாக்கி. இந்த ஆட்டத்தில் இழக்க ஒன்றுமில்லை என்று நான் நிம்மதியாக உட்கார்ந்தேன். "விட்டுக் குடுத்து ஆடுன, வீட்டுக்குப் போய் சாத்துவேன்" என்றாள் அக்கா. பக்கத்து மேசைக்காரர், "ரெண்டு பேரும் வீட்டுலயே பேசி முடிச்சிட்டு வந்திருப்பீங்களே" என்று கிண்டல் செய்தார். அக்கா அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, "உங்ககிட்ட ஜெயிக்கறதுக்குத்தான் சார் பேசி வச்சுக்கணும், இவன்கிட்டப் பேச்சே தேவையில்ல" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு வெள்ளை. நடு ஆட்டத்தில், "யானை, ஹெக்டர் ஒண்ணுலேர்ந்து ஹெக்டர் மூணு" என்று சொல்லி நகர்த்தினேன். அக்கா திருப்பிச் சொன்னாள். அவள் ஒவ்வொரு நகர்வையும் ஒரு ரெக்கார்டரில் சொல்லிப் பதிவு செய்வாள், நான் தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதுவேன். அடுத்து என் குதிரையைச் சீசர் நாலில் கொண்டுபோய் வைத்தேன். அதற்குக் காவலாக அதே நாலாம் குறுக்குவரிசையின் வலது கோடியில் என் யானை நின்றது. அக்கா வெகுநேரம் யோசித்தாள். விரல்கள் காய்களின் மேல் போய்ப் போய் வந்தன. குதிரை நின்ற கட்டத்தில் ஒருமுறை, ஹெக்டர் வரிசையில் ஒருமுறை. பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இன்னும் சில நகர்வுகள் போயின. அவளுடைய ராணியும் அதற்குப் பின்னால் ராஜாவும் ஈவா வரிசையில் வந்துவிட்டார்கள். என் யானை ஈவா நாலுக்கு வந்தால் போதும், ராணி நகர முடியாது, அவள் கதை முடிந்தது.

"யானை, ஹெக்டர் நாலுலேர்ந்து ஈவா நாலு" என்றேன்.

அக்கா திருப்பிச் சொல்லவில்லை.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை ஹெக்டர் வரிசைக்குப் போய் அங்கேயே நின்றது. முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு மேசைக்கு மேலே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "டிரா வச்சுக்கலாமா?" என்றாள்.

ராணி போகப்போகிறது, அதனால் கேட்கிறாள் என்று நினைத்தேன். விட்டுக்கொடுக்காதே என்று அவளேதான் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்றேன்.

"வாங்கிக்கடா தம்பி."

"நீ முதல்ல நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. அப்போதுதான் அவள் பலகையில் என்னவோ தவறு என்று எனக்குப் பட்டது. முழுக்கப் பார்வை இல்லாதவர்களுக்கு இது சகஜம், கட்டம் மாறிக் குத்தியிருப்பாள். அவளுக்கு உதவி செய்வதாகவே நினைத்து நடுவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இழுக்கப் பார்த்தாள். பாதி வழியில் விட்டுவிட்டாள்.

நடுவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ரிட்டயர் ஆனவர், நெற்றியில் திருமண்ணோடு வருவார். அவர் இரண்டு பலகைகளையும் பார்த்தார். அக்காவின் ரெக்கார்டரைக் காதில் வைத்துக் கேட்டார். என் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எங்கும் கேட்கிற குரல் அவருக்கு. அப்படிப் பேசிப் பழக்கப்பட்டவர், தப்பாக ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்.

"ரெண்டு பேர் பதிவும் ஒண்ணாத்தான் இருக்கு. யானை ஹெக்டர் மூணு. குழந்தையோட போர்டு சரியா இருக்கு. உங்க போர்டுலதான் தம்பி, நாலுல குத்திண்டிருக்கேள்." பிறகு கொஞ்சம் ஆச்சரியமாகக் கேட்டார். "உங்களுக்குப் பார்வை கொஞ்சம் உண்டுன்னா சொன்னா? இது கண்ணுக்குத் தெரியறதோன்னோ?"

குனிந்து பார்த்தேன். நேராகப் பார்த்தபோது தெரிந்தது. அந்த ஓரத்தில் மூன்று எங்கே முடிகிறது, நாலு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள முகத்தையே அங்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. வாய் சரியாகச் சொல்லியிருக்கிறது. கை சரியாக எழுதியிருக்கிறது. கண் மட்டும் வேறு இடத்தைக் காட்டியிருக்கிறது. இத்தனை நேரமும் நான் இல்லாத ஒரு ஆட்டத்தை ஆடியிருக்கிறேன்.

அப்புறம்தான் குதிரை ஞாபகம் வந்தது. அவள் பலகையில் அந்தக் குதிரைக்குக் காவலே இல்லை. எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்திருந்தால் நான் இல்லாத யானையால் திருப்பி அடிக்கப் போயிருப்பேன், அப்போதே எல்லாம் வெளியே வந்திருக்கும். அதனால்தான் சிப்பாயைத் தள்ளினாள். இத்தனை நகர்வுகளாக அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஏதோ மூச்சுச் சத்தம் கேட்டு வலப்பக்கம் திரும்பினேன். அம்மா என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள், கையில் சாப்பாட்டுக் கூடையோடு.

"எப்ப வந்தம்மா?"

"அவரு பேச ஆரம்பிச்சதுலேர்ந்து இங்கதான நிக்கிறேன்" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. அவளுக்குச் செஸ் தெரியாது. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

ஆட்டம் முடியாமல் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று நடுவர் பக்குவமாகச் சொல்லி அவளை நாற்காலிக்கு அனுப்பினார். யானையைப் பிடுங்கி மூன்றில் குத்தினேன். தொட்ட காயை ஆட வேண்டும் என்பது விதி, எங்கேயோ நகர்த்தினேன். "மந்திரி, அன்னா ஆறுலேர்ந்து சீசர் நாலு, குதிரைக்கு வெட்டு" என்றாள் அக்கா. அதன்பின் அவள் யோசிக்கவே இல்லை. நான் சொல்லி வாய் மூடும் முன் பதில் வந்தது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று ஆடுகிறவளின் ஆட்டம். அவளுக்கு முதலிடம். கை தட்டினார்கள். யாருக்கோ வணக்கம் சொல்வதுபோல அவள் லேசாகத் தலையை ஆட்டினாள்.

பஸ்ஸில் அம்மா நடுவில் உட்கார்ந்து எங்கள் இருவர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில்கூட அப்படிப் பிடித்ததாக நினைவில்லை. காவிரிப் பாலத்தில் நெரிசல், பஸ் நின்று நின்று போனது. கீழே தண்ணீர் இரைந்த சத்தம் பஸ்ஸுக்குள்ளேயே கேட்டது. அம்மாவைத் தாண்டி அக்காவின் குரல் வந்தது.

"நான் டிரா கேட்டேன்ல. வாங்கியிருக்கலாம்ல."

எப்போதிலிருந்து அவளுக்குத் தெரியும் என்று கேட்டேன். தூண் இடித்ததற்கு முன்பே தெரியுமாம். வீட்டுப் பலகையிலேயே தெரியுமாம். நான் தப்பு வைப்பது எப்போதும் முட்டுச் சந்துப் பக்கம்தானாம். "எனக்கும் அந்தப் பக்கந்தான்டா முதல்ல போச்சு" என்றாள். அம்மாவின் பிடி இறுகியது.

அன்றிரவே அப்பாவும் அம்மாவும் முடிவு செய்துவிட்டார்கள். கோயம்புத்தூர் கிடையாது, பயிற்சி மையமும் கிடையாது. நடுவர் போன் செய்தபோது, ரெண்டு பேருக்கும் காய்ச்சல் என்று அம்மா சொன்னாள். அக்கா சண்டை போடவில்லை, அழவில்லை. பலகையைக்கூட வெளியே எடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்த முறை டாக்டரிடம் நானே போனேன். அவர் வட்டம் போடவில்லை. பைக் ஓட்டுகிறாயா என்று கேட்டார், இல்லை என்றேன், நல்லது என்றார். சாயந்திரத்துக்கு மேல் தனியாக வெளியே போகாமல் இருக்கச் சொன்னார்.

ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கின. அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போக ஆரம்பித்தாள். போகும்போது அக்காவைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்வாள், என்னைப் பார்த்துக்கொள்ளும்படி அக்காவிடம் சொல்வாள்.

கோயம்புத்தூர் ரயில் நாளன்று முற்பகலில், நான் அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா முகம் கழுவி, புடவை மாற்றி, தோளில் பையோடு வந்து நின்றாள். கையில் மையத்தில் கொடுத்த வெள்ளைக் கோல். அதை விரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. என் கை இருக்கும்போது அவளுக்கு அது தேவைப்படவில்லை. ஜங்ஷன் வாசலில் மையத்துத் தோழி ஒருத்தி நிற்பாள், அதுவரைக்கும்தான் தனி என்றாள்.

"வரியா? உன் பேரும்தான் லிஸ்டுல இருக்கு."

மதுரை ரோட்டைத் தாண்ட வேண்டும். லாரிகள், வெளியூர் பஸ்கள், சிக்னலுக்கு நிற்காத ஆட்டோக்கள். அம்மா வந்து தேடுவாளே என்றேன். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "சரி. மத்தியானம் சோத்தைப் போட்டுச் சாப்புடு. போயிட்டு வரேன்" என்றாள்.

வாசலில் நின்று பார்த்தேன். தெரு நடுவே போனவரை தெரிந்தாள். ஓரமாக ஒதுங்கியதும் காணாமல் போனாள். கோலின் சத்தம் மட்டும் தட்டித் தட்டிப் போனது, பிறகு ரோட்டின் இரைச்சலில் அதுவும் போனது. ஒரு வண்டி கிறீச்சென்று பிரேக் போட்டது. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஒரு பெண் குரல் பதிலுக்குத் திட்டியது. அது அவள்தானா என்று தெரியவில்லை. அவள் ஏறிட்டேன் என்று போன் செய்யும் வரை நான் படியைவிட்டு நகரவில்லை.

அம்மா வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். போனைப் போடச் சொன்னாள். எந்த ஊர் தாண்டியது, பக்கத்தில் யார், சாப்பிட்டாயா, கதவுப் பக்கம் போகாதே என்று வரிசையாகக் கேட்டாள், சொன்னாள். ரயில் சத்தத்தில் அந்தப் பக்கம் அக்கா சிரித்தது எனக்கும் கேட்டது. போனை என் கையில் கொடுத்துவிட்டு, ஈரமான புடவைத் தலைப்பைப் பிழிந்தாள் அம்மா.

"ரோட்டை அவ தனியாவா தாண்டுனா?"

ஆமாம் என்றேன்.

"கூட நீ ஏன் போகல?"